நெல்லையிலிருந்து கொல்லம்: எவ்வழி நல்வழி?

பயணம் புறப்படுவோர் வழக்கமாக மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். எவ்வளவு நேரம் ஆகும்? எவ்வளவு பணம் ஆகும்? உட்கார இடம் கிடைக்குமா? இம்மூன்றும் தேவையான கேள்விகளே. இவற்றைக் கேளாமல் புறப்படுவோரை உலகம் அறிவுடையோர் எனக் கொள்ளாது. ஆயினும் மலைநாட்டின் ஊடே செல்வோர் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி ஒன்று உண்டு. நாம் செல்லும் முறையால் அந்த மலைக்கும், அம்மலையில் வாழும் மக்களுக்கும் என்ன நேர்கிறது என்பதே அது. இக்கேள்வி இன்று பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்பட வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பொதுப்படப் பேசுவதினும் ஒரு வழியை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும். ஆதலின், திருநெல்வேலிக்கும் கொல்லத்துக்கும் இடைப்பட்ட வழியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று பொருநைக் கரையில் அமைந்த நகரம். மற்றொன்று அரபிக் கடலோரத்துப் பழந்துறைமுகம். இரண்டுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது.

வழிகாட்டல் நமக்குப் புதிதன்று

எவ்வழியே செல்வது என்னும் கேள்வியை இலக்கியமாகவே ஆக்கியவர்கள் தமிழர்கள். 'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்பது பொருள். வழிகாட்டுவதையே பொருளாகக் கொண்ட ஆற்றுப்படை நூல்கள், பத்துப்பாட்டின் பத்து நூல்களில் ஐந்து இடங்களைப் பெற்றுள்ளன. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், முழுக்க முழுக்க ஒரு மலைவழிப் பயணத்தைப் பற்றியது. பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் 583 அடிகளை உடையது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழியில் வழுக்கும் பாறைகள் எங்கே, பாம்பு உறையும் குழிகள் எங்கே, தினைப்புனம் காப்போரின் கவண்கற்கள் எங்கிருந்து வரும், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்பவற்றையெல்லாம் அது எடுத்துரைக்கிறது. மலையில் எழும் பல்வேறு ஓசைகளை வரிசைப்படுத்திக் கூறும் பகுதியும் அதில் உண்டு. நூலின் பெயரே அவ்வோசைகளினின்று பிறந்ததுதான்.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. நம் முன்னோர்க்கு வழி என்பது புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவேயுள்ள வெற்றிடமாக இருக்கவில்லை. அங்கே நிலம் இருந்தது, மக்கள் இருந்தனர், விருந்தும் இருந்தது.

கொல்லத்தை நோக்கிச் சென்ற மற்றொரு பயணியையும் இங்கு நினைவுகூரலாம். பதினான்காம் நூற்றாண்டில் உலகின் பெரும்பகுதியைச் சுற்றிவந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்துக்குச் சென்றார். நிலவழியே சென்றாலும் நீர்வழியே சென்றாலும் பத்து நாள் ஆகும் என்னும் நிலையில், அவர் நீர்வழியைத் தேர்ந்தார். பகலில் படகில் சென்று, மாலையில் கரையேறி, அங்குள்ள ஊர்களில் தங்கி, மறுநாள் மீண்டும் படகேறுவது அவ்வழியின் முறை. அவருடைய பயணக் குறிப்புகள் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குச் செல்வமாக விளங்குவதற்கு, அவர் ஊர்களைத் தாண்டிச் செல்லாமல் ஊர்களின் ஊடே சென்றார் என்பதும் ஒரு காரணம் எனலாம்.

மூன்று வழிகள்

இன்று நெல்லையிலிருந்து கொல்லம் செல்வோர்க்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாகச் செல்லும் இரயில் பாதை. இது மலைத்தொடரின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கே செல்கிறது. மலையைத் தொலைவில் நின்று காட்டுமேயன்றி, மலைக்குள் அழைத்துச் செல்லாது.

இரண்டாவது, தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகச் செல்லும் சாலை. செங்கோட்டையிலிருந்து இது 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாகச் செல்கிறது. முன்பு 208ஆம் எண்ணால் வழங்கியதும் இதுவே.

மூன்றாவது, ஏறத்தாழ அதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு, அதே கணவாய் வழியே செல்லும் செங்கோட்டை, புனலூர், கொல்லம் இரயில் பாதை.

தெற்கே அகத்தியமலைத் தொகுதியையும் வடக்கே ஏலமலைத் தொகுதியையும் பிரித்து நிற்கும் இடைவெளியே செங்கோட்டைக் கணவாய் என்றும் ஆரியங்காவுக் கணவாய் என்றும் சொல்லப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே நுழைவதனால்தான் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டையும் குற்றாலமும் சாரலில் நனைகின்றன. காற்றும் மழையும் நெடுங்காலம் வணிகரும் நடந்த அவ்வழியையே இரயிலும் சாலையும் இன்று பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே, நம்முன் உள்ள தேர்வு பெரும்பாலும் இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் இடைப்பட்டதே.

நூறாண்டு கடந்த பாதை

இம்மலைப் பாதையில் இரயில் ஓடத் தொடங்கியது 1904ஆம் ஆண்டில். தென்னிந்திய இரயில்வே நிறுவனம் அமைத்த இது, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குக் கிடைத்த முதல் இரயில் பாதையாகும். திருவனந்தபுரத்துக்கு இரயில் வருமுன்னரே கொல்லத்துக்கு வந்துவிட்டது. அதுவும் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து மலையைத் துளைத்துக்கொண்டு வந்தது. அந்நாளில் செங்கோட்டையும் திருவிதாங்கூரின் ஒரு பகுதியே. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறியபோதும் தண்டவாளம் இடம் மாறவில்லை.

கழுதுருட்டி என்னும் இடத்தில் சாலையை ஒட்டியே பதின்மூன்று வளைவுகளுடன் கருங்கல் பாலம் ஒன்று நிற்கிறது. மலையாள மக்கள் அதனைப் 'பதிமூன்று கண்ணறைப் பாலம்' என்பர். மீட்டர் கேஜ் பாதைக்காகக் கட்டப்பட்ட அப்பாலம், அகலப் பாதைக்கேற்ப வலுப்படுத்தப்பட்டு, இன்றும் வண்டிகளைத் தாங்கி நிற்கிறது. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மலையைக் குடைந்து அமைத்த நெடிய குகைப்பாதை உள்ளது. அதன் ஒரு வாயில் தமிழகத்தை நோக்கியும் மறுவாயில் கேரளத்தை நோக்கியும் திறந்திருக்கிறது.

தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர் அகலம் கொண்ட மீட்டர் கேஜ் பாதையை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாற்றும் பணிக்காக, செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 2010 செப்டம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. மலைப்பகுதியில் பணி எளிதாக முடியவில்லை. 2018ஆம் ஆண்டில்தான் பாதை முழுமையாக மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இம்மலையில் இரயில் ஓசை கேட்கவில்லை.

இவ்வெட்டு ஆண்டுகள் நமக்கு ஒரு பாடத்தைத் தந்தன. ஒரு வழி மூடப்பட்டால் மக்கள் பயணத்தை நிறுத்திவிடுவதில்லை. வேறு வழிக்குப் பழகிவிடுகின்றனர். இரயிலில் சென்றவர்கள் பேருந்துக்கு மாறினர். வசதி படைத்தோர் காருக்கு மாறினர். மீண்டும் பாதை திறந்தபோது, பழகிய பழக்கம் எளிதில் விடுவதாக இல்லை. அக்காலத்தில் வளர்ந்து கல்லூரிக்கு வந்த மாணவர் பலருக்கு, மலையைத் தாண்ட இரயில் ஒன்று உண்டு என்னும் நினைவே இல்லாமற் போயிற்று. பெரியோர்க்கோ, மலையேறும் வண்டியை முன்னே ஓர் என்ஜின் இழுக்கப் பின்னே ஓர் என்ஜின் தள்ளிக்கொடுத்த நாள்கள் நினைவில் உள்ளன. இவ்விரு தலைமுறைகளின் நினைவுகளுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நிரப்புவது நம் கடமைகளுள் ஒன்று.

சன்னலோரக் கல்வி

பகல் வேளையில் இவ்வண்டியில் செல்வோர் சில மணி நேரத்தில் கற்கும் நிலவியலை, வகுப்பறையில் பல வாரங்கள் நடத்தினும் கற்பித்தல் அரிது. நெல்லையை விட்டுப் புறப்படும்போது பனைமரங்களும் குளங்களும் நஞ்சை வயல்களும் வருகின்றன. தென்காசியை நெருங்க நெருங்க மலை உயர்ந்து அருகே வருகிறது. செங்கோட்டையைத் தாண்டியதும் தென்னந்தோப்புகள் அடர்கின்றன. குகைக்குள் வண்டி நுழைகிறது. வெளியே வரும்போது நிலம் மாறிவிடுகிறது. காடு நெருங்கி வந்து சன்னலைத் தொடுகிறது. ஓடைகள் குறுக்கிடுகின்றன. தென்மலையைத் தாண்டி இறங்கினால் இரப்பர்த் தோட்டங்களும் பலாவும் மிளகுக் கொடியும் தொடர்கின்றன. பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிறது. பெட்டிக்குள் கேட்கும் பேச்சும் சிறிது சிறிதாகத் தமிழிலிருந்து மலையாளமாகிறது. எந்த இடத்தில் மாறிற்று என்று சுட்டிக்காட்ட எவராலும் இயலாது.

சாலைவழியிலும் இக்காட்சிகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயின் காரை ஓட்டுபவர் வளைவையும் எதிரே வரும் லாரியையும் பார்க்க வேண்டுமேயன்றி, மலையைப் பார்த்தல் ஆகாது; பார்த்தால் அனைவர் உயிருக்கும் கேடு. உடன் வருவோரும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிரூட்டியை இயக்கிவிட்டால், மலைபடுகடாம் பேசும் ஓசைகளுள் ஒன்றேனும் செவியில் விழுமோ?

மலையைக் கண்டு மகிழ்வதற்கு அப்பாலும் செய்தி உண்டு. தென்மலைக்கு அருகே உள்ள செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் 1984இல் ஏற்படுத்தப்பட்டது. செங்குறிஞ்சி என்னும் மரத்தின் பெயரால் அது அப்பெயர் பெற்றது. அம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது, செந்துருணியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. நாம் ஓர் இரவிலோ ஒரு பகலிலோ கடந்துபோகும் இவ்வழி, உலகமே காக்க வேண்டிய நிலத்தின் ஓரமாகச் செல்கிறது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

சாலையின் சார்பில்

இனி, மறுபக்கத்து நியாயங்களையும் எடுத்துரைத்தல் முறையாகும். ஒருபக்கம் மட்டும் பேசுவது ஆராய்ச்சி ஆகாது.

சாலை இன்றியமையாதது. இரயில் நிற்காத சிற்றூர்களிலும் பேருந்து நிற்கிறது. இரு மாநிலங்களின் அரசுப் பேருந்துகளும் இவ்வழியில் ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கலாம். இரயிலைத் தவறவிட்டால் அன்றைய பயணமே தவறிவிடக்கூடும். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோரும், இறப்புச் செய்தி கேட்டு ஓடுவோரும், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குச் செல்ல வேண்டியோரும் காரை நாடுவதில் குற்றம் காண நாம் யார்? பாவூர்ச்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறிகள் நாள்தோறும் மலையைத் தாண்டிச் செல்வதும் இச்சாலையினால்தான். கேரளத்தின் அடுப்புகள் எரியவும் தென்காசி வட்டாரத்து உழவர் பிழைக்கவும் அது வேண்டும்.

நேரத்தைப் பற்றிய முறையீடும் உண்மையே. மலைப்பகுதியில் இரயில் மிக மெதுவாகவே செல்ல முடியும். செங்குத்தான ஏற்றமும் நெருங்கிய வளைவுகளும் வேகத்துக்கு இடம் கொடா. ஒரு மணி நேரம் முன்னதாகச் சேர வேண்டியவனுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிதே.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அவசரம் ஏதும் இன்றி, விடுமுறைக்கும் திருமணத்துக்கும் சுற்றுலாவுக்கும் செல்லும் பெருங்கூட்டம் ஏன் சாலையிலேயே செல்கிறது? அக்கூட்டத்தை நோக்கியே நாம் பேசுகிறோம்.

புளியரையின் எச்சரிக்கை

இச்சாலை தாங்கும் சுமை சிறிதன்று. கல்லும் மணலும் மரமும் ஏற்றிய கனரக லாரிகள் இரவு பகலாகப் புளியரைச் சோதனைச் சாவடியைக் கடக்கின்றன. அங்குள்ள ஏற்றத்தில் 'எஸ்' வளைவு என மக்கள் குறிப்பிடும் இடம், ஓட்டுநர்களின் திறமைக்கு நாள்தோறும் சோதனை. சாலை மேலே செல்ல, இரயில் பாதை கீழே செல்லும் இடம் அது.

2024 பிப்ரவரி 25ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கேரளத்திலிருந்து ஒட்டுப்பலகை ஏற்றிவந்த லாரி ஒன்று அவ்வளைவில் நிலைதவறிக் கீழேயுள்ள தண்டவாளத்தின்மீது விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அவ்வழியே இரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. அருகில் வசித்த முதிய கணவனும் மனைவியும் ஓசை கேட்டு எழுந்தனர். கைவிளக்கை ஏந்திக்கொண்டு தண்டவாளத்தின் வழியே இருளில் ஓடினர். ஒளியை அசைத்து வண்டியை நிறுத்தினர். பெரும் விபத்து ஒன்று தவிர்க்கப்பட்டது. தமிழக முதலமைச்சர் அவ்விருவரையும் பாராட்டி ஐந்து இலட்சம் ரூபாய் வெகுமதி அளித்தார்.

இந்நிகழ்ச்சியை வீரச்செயலாக மட்டும் படித்துவிட்டு மறத்தல் தகாது. இரண்டு செய்திகள் இதில் உள்ளன. சாலை தன் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது ஒன்று. நாம் வேகமாகக் கடந்துபோகும் இடத்தில் மனிதர்கள் வாழ்கின்றனர். அவர்கள் நம் உயிரைப் பற்றி நம்மைவிடக் கவலைப்படுகின்றனர் என்பது மற்றொன்று. அவர்களைப் பற்றி நாம் எண்ணிப்பார்த்ததுண்டா?

மலையின் மேற்கே புனலூர், குளத்துப்புழை, ஆயிரநல்லூர் வட்டாரத்தில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் அவர்கள். அவர்களுக்கு வேலை அளிக்கவே 1976இல் புனலூரில் அரசு இரப்பர்த் தோட்ட நிறுவனம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. உறவும் மொழியும் மலைக்குக் கிழக்கே, பிழைப்பு மலைக்கு மேற்கே என வாழும் அம்மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மலையைக் கடக்கும் வண்டி வேடிக்கை பார்க்கும் வாகனம் அன்று. தாய்வீட்டு வழி அது. நம்மைப் போன்றோர் அவ்வண்டியைக் கைவிட்டு, அது ஆளின்றி ஓடி, ஒருநாள் குறைக்கப்பட்டுவிடுமாயின், இழப்பு நமக்கன்று, அவர்களுக்கே.

கணக்கும் தேர்வும்

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். படுக்கை வசதியுள்ள பழைய வகை இரயில் பெட்டி ஒன்றில் 72 இடங்கள் உள்ளன. காருக்கு நால்வர் எனக் கொண்டால், அப்பெட்டியின் பயணிகளைக் கொண்டுசெல்ல 18 கார்கள் வேண்டும். பத்துப் பெட்டிகள் எனில் 180 கார்கள். இத்தனை கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புளியரை ஏற்றத்தில் ஏறுவதை மனக்கண்ணால் காண்க. மேலும், எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் உருள்வதற்கு ஆகும் விசை, தார்ச்சாலையில் இரப்பர்ச் சக்கரம் உருள்வதற்கு ஆவதைவிடப் பன்மடங்கு குறைவு. இப்பாதை மின்மயமாக்கப்பட்டுவிட்டமையால், மலைக்காட்டில் டீசல் புகையும் குறைந்துள்ளது.

இதைவிட முக்கியமானது நிலக்கணக்கு. ஒற்றை இரயில் பாதைக்குத் தேவைப்படும் அகலம் சிறிது. அது நூறாண்டுகளுக்கு முன்னரே வெட்டப்பட்டுவிட்டது. மலை அக்காயத்தை ஆற்றிக்கொண்டுவிட்டது. சாலையோ அவ்வாறன்று. வாகனங்கள் பெருகப் பெருக அது அகலம் கேட்கிறது. திருநெல்வேலி தென்காசிச் சாலை நான்குவழியாக்கப்பட்டபோது வெட்டுண்ட நிழல் மரங்களை நெல்லைச் சீமையினர் மறந்திருக்க மாட்டார்கள். கேரளத்தில் கடற்கரை ஓரமாகச் செல்லும் 66ஆம் எண் நெடுஞ்சாலைக்கு 45 மீட்டர் அகலத்தில் நிலம் எடுக்கப்பட்டது. கடம்பாட்டுகோணத்திலிருந்து ஆரியங்காவு வரை புதிய நான்குவழிச் சாலை அமைக்கவும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. சமவெளியில் 45 மீட்டர் எடுப்பது வேறு; மலைச்சரிவில் எடுப்பது வேறு. சரிவில் அகலம் வேண்டுமாயின் ஒருபக்கம் மலையை அறுக்க வேண்டும். மறுபக்கம் மண்ணை நிரப்ப வேண்டும். அறுத்த மலை மழைக்காலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மலைநாட்டு மக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சாலையே வேண்டா என்பது நம் கருத்தன்று. எவ்வளவு சாலை வேண்டும் என்பதை முடிவு செய்வது அரசு மட்டுமன்று, பயணிகளாகிய நாமும்தான் என்பதே நாம் கூற விரும்புவது. சாலையில் ஓடும் வாகனங்களை எண்ணித்தான் சாலையை அகலப்படுத்துகின்றனர். விற்ற பயணச்சீட்டுகளை எண்ணித்தான் வண்டிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் நடைபெறுகின்றன. ஆகவே, ஒவ்வொரு பயணமும் ஒரு வாக்குச் சீட்டு. நாம் எதில் ஏறுகிறோமோ அது வளர்கிறது.

நாம் வேண்டுவன

இரயில்வே துறைக்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஆரியங்காவுக்கு அருகேயுள்ள பாலருவியின் பெயரையே தாங்கிய விரைவு வண்டி இப்பாதையில் ஓடுகிறது. ஆயின் அது மலையைக் கடப்பது இரவு வேளையில். அருவியின் பெயர் கொண்ட வண்டியிலிருந்து அருவி வீழும் மலையைக் காண இயலாமை வருந்தத்தக்கது. பகலில் மலையைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை பெருக வேண்டும். நெல்லையிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பத்தக்க நேர ஒழுங்கு அமையுமானால், மாணவரும் வணிகரும் தொழிலாளரும் ஒருங்கே பயன்பெறுவர். மலைமேல் உள்ள சிறு நிலையங்களிலும் வண்டிகள் நிற்க வேண்டும். நிற்காமல் செல்லும் வண்டி மலைவாழ் மக்களுக்கு வெறும் ஓசையே.

பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மலையை விரும்பி வருவோர் அம்மலையில் நெகிழிப் பைகளையும் தின்பண்ட உறைகளையும் வீசிவிட்டுச் செல்வது நன்றன்று. விருந்துக்குச் சென்ற வீட்டில் குப்பையைக் கொட்டும் வழக்கம் நம் மக்களிடையே இல்லை. மலையும் நமக்கு விருந்தளிக்கும் வீடே.

ஆசிரியப் பெருமக்கள் ஒன்றைச் சிந்திக்கலாம். ஆண்டுதோறும் நடைபெறும் கல்விச் சுற்றுலாவுக்குப் பேருந்தை வாடகைக்கு அமர்த்தி, ஓசை மிகுந்த பாடல்களுடன் இரவெல்லாம் ஓடி, விடியற்காலையில் களைத்து இறங்குவதே வழக்கமாகிவிட்டது. அதற்கு மாறாக, பகல் வண்டியில் புனலூர் வரை மாணவரை அழைத்துச் செல்லலாம். அங்கே கல்லடையாற்றின் குறுக்கே 1877இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலம் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. அதன்மேல் நடந்து செல்லலாம். திணை என்றால் என்ன என்பதைத் தமிழ் மாணவர் குறிஞ்சியிலும் மருதத்திலும் நெய்தலிலும் ஒரே பகலில் கண்ணாரக் காண, நெல்லையிலிருந்து கொல்லம் வரை செல்லும் இவ்வழியினும் சிறந்த பாடம் வேறில்லை. பொருநைக் கரை வயலில் தொடங்கி, மலைக்காட்டின் ஊடே சென்று, அட்டமுடிக் காயலின் கரையில் முடிகிறது அது.

பெரியோர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். வணிகத்துக்கும் உறவுக்கும் கொல்லத்துக்கும் புனலூருக்கும் பழைய மீட்டர் கேஜ் வண்டியில் சென்றுவந்தவர்கள் நம்மிடையே இன்னும் உள்ளனர். எந்த நிலையத்தில் பலாச்சுளை விற்றார்கள், குகைக்குள் வண்டி நுழையும்போது சன்னல்களை எவ்வாறு இறக்கினார்கள், எல்லையில் சோதனை எவ்வாறு நடந்தது என்பவற்றையெல்லாம் இளைஞரிடம் சொல்லுங்கள். எழுத இயன்றோர் எழுதி வையுங்கள். அச்சேறாத அந்நினைவுகள் அவர்களோடு போய்விடுமாயின், பின்னர் எந்த நூலகத்திலும் அவை கிடைக்கமாட்டா.

மாணவச் செல்வங்களே! அவசரம் இருக்கும் நாளில் சாலைவழியே செல்லுங்கள். உங்களைத் தடுப்பார் இல்லை. அவசரம் இல்லாத நாளில் இரயிலில் ஏறுங்கள். ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்வீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு காட்டையும், இரண்டு மொழிகளையும், முன்பின் அறியாத சில மனிதர்களையும் அறிந்திருப்பீர்கள். உங்களால் மலையில் ஒரு வாகனம் குறைந்திருக்கும். புளியரையில் கைவிளக்கேந்தி ஓடிய முதியோரைப் போன்றவர்கள், அன்றிரவாவது சற்று அமைதியாக உறங்குவர்.

அடுத்த சாரல் பருவத்தில் நெல்லையிலிருந்து கொல்லத்துக்குச் செல்ல எண்ணுவோர், நேரத்தையும் பணத்தையும் இருக்கையையும் கணக்கிட்ட பின், அந்த நான்காவது கேள்வியையும் ஒருமுறை கேட்டுப் பார்த்துப் புறப்படுவார்களாக!